கண்ணாடித் தொட்டியில் முருகைக்கல்: ஒரு கலையின் வரலாறு

நவமணிகளுள் ஒன்றாகப் பவளத்தைப் போற்றியவர் நம் முன்னோர். கி. பி. முதலாம் நூற்றாண்டில் எழுந்த ‘எரித்திரியக் கடற் பெரிப்பிளஸ்’ என்னும் கிரேக்க நூல், முசிறித் துறையில் வந்திறங்கிய பண்டங்களுள் பவளத்தையும் சேர்த்துக் கூறும். அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, உரோமர் முத்தினை மதித்தாற்போல இந்தியர் பவளத்தை மதித்தனர் என்று எழுதினார். மத்தியதரைக் கடலிற் பிறந்த செம்பவளத்துக்கு இத்துணை மதிப்பளிக்கப்பட்டது. ஆயின் நம் கரையோரக் கடலில் வளர்ந்த அதன் உறவாகிய முருகைக்கல்லுக்கு நாம் அளித்த மதிப்பு யாது? இலங்கையின் தென்மேற்குக் கரையில் அதனைப் பெயர்த்தெடுத்துச் சூளையிலிட்டு நீற்றிச் சுண்ணாம்பாக்கினோம். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தமே அத்தொழிலை வெளிப்படையாகத் தடைசெய்தது.

அணியாகவும் சுண்ணாம்பாகவும் மட்டுமே கருதப்பட்ட இப்பொருளைக் கடலினின்றும் பிரித்து, வீட்டின் ஒரு மூலையிலே கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வளர்க்கும் கலை இன்று உலகின் பல நாடுகளிற் பரவியுள்ளது. மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்குரோப்போரா, தட்டுப் போல விரியும் மொண்டிப்போரா, பூங்கொத்துப் போன்ற பொசிலோப்போரா முதலியன இக்கலையில் மிக அரியனவாகக் கொள்ளப்படும். இவற்றின் பொலிப்புக்கள் ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீற்றர் அகலமே உடையவை. ஆதலின் இவை சிறுபொலிப்புக் கற்பவளங்கள் எனப்படும். நீரின் இயல்பிற் சிறு மாற்றம் நேரினும் நிறம் வெளிறி மடியும் இயல்பின.

இக்கலை ஒரு நாளில் வந்ததன்று, ஒருவரால் வந்ததுமன்று. அதன் வரலாற்றை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலப்படும். தெளிந்த கடல்நீரைக் கண்ட மனிதன் அதனை வெறும் உப்புநீர் என்றே எண்ணினான். அந்நீரினுள்ளும் அக்கல்லினுள்ளும் கண்ணுக்குப் புலனாகாது நின்றவற்றை ஒவ்வொன்றாக உணர்ந்த அளவிற்கே முருகைக்கல் அவன் கையில் உயிர் வாழ்ந்தது. உணரத் தவறிய போதெல்லாம் அது மடிந்தது. அவ்வாறு உணரப்பட்டவற்றை முறையே நோக்குவோம்.

மலரா, விலங்கா?

முதலில் உணரவேண்டியிருந்தது அதன் உயிர். 1706ஆம் ஆண்டில் இத்தாலியப் பெருமகனாகிய மார்சிலி, பிரான்சின் தென்கரையிலே புதிதாக எடுத்த செம்பவளக் கிளையைக் கடல்நீர் நிறைந்த கலத்தில் இட்டுவைத்தார். சிறிது நேரத்திற் கிளையெங்கும் எட்டிதழ் கொண்ட வெண்ணிறப் பூக்கள் விரிந்தன. பவளம் தாவரமே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை என அவர் மகிழ்ந்தார்.

மார்சேய் நகரத்து மருத்துவரான பெய்சொனெல் அதே பூக்களை மேலும் பொறுமையோடு நோக்கினார். 1720களிற் புரோவன்சுக் கரையிலும் வட ஆபிரிக்கக் கரையிலும் அவர் ஆராய்ந்தபோது, தொட்டவுடன் பூக்கள் சுருங்குவதையும் நீர் அமைதியுற்றதும் மீண்டும் விரிவதையும் கண்டார். இவை மலரல்ல, விலங்கு. கல் என நாம் கருதுவது அவ்விலங்கு கட்டிய வீடு என்று முடிவு செய்தார். அம்முடிவைப் பாரிசு விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தபோது, புகழ்பெற்ற அறிஞர் இறயோமூர் அதனை ஏற்கவில்லை. இத்தகைய கருத்தைக் கூறியவருக்கு இழுக்கு நேரக்கூடாதென எண்ணி, அவர் பெயரை மறைத்தே கழகத்தில் எடுத்துரைத்தார். 1740களில் டிரெம்பிளே என்பார் நன்னீர் ஐதராவை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே பெய்சொனெலின் கூற்று மெய்யென இறயோமூர் ஒப்புக்கொண்டார். அதற்குள் பெய்சொனெல் மேற்கிந்தியத் தீவாகிய குவாதலூப்பிற் குடியேறிவிட்டார். ஒரே கலம், ஒரே நீர், ஒரே கிளை, கண்டவர் இருவர், கண்ட பொருள் வேறு. நோக்குதல் வேறு, ஆராய்தல் வேறு என்பதற்கு மாணவர் இதனினும் நல்ல எடுத்துக்காட்டைப் பெறுதல் அரிது.

தைன் அம்மையாரின் கற்சாடி

விலங்கென அறிந்தபின், அதனைக் கடலினின்றும் தொலைவிற் காத்தல் எவ்வாறு என்னும் வினா எழுந்தது. அதற்கு முதல் விடை தந்தவர் ஓர் இல்லத்தலைவி. இலண்டனின் வெஸ்ற்மினிஸ்ரர்த் தேவாலயக் குருவொருவரின் மனைவியான அன்னா தைன் அம்மையார், 1846ஆம் ஆண்டிலே தோர்க்கி என்னும் கடற்கரையூரிற் சில கற்பவளங்களைக் கண்டு அவற்றின்மேற் பெரு விருப்பங்கொண்டார். ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு கடற்பஞ்சின்மேல் தைத்து, கற்சாடியிலிட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார்.

கடல்நீரை அடிக்கடி மாற்றுதற்கு வழியில்லாதபோது, திறந்த சாளரத்தின் அருகே ஒரு கலத்தினின்றும் மற்றொரு கலத்துக்கு நீரை மாறிமாறி ஊற்றச் செய்தார். நாள்தோறும் அரைமணி நேரத்துக்குமேல் அப்பணியைச் செய்தவள் அவ்வீட்டின் இளம் பணிப்பெண். அவள் பெயரை வரலாறு நமக்குத் தரவில்லை. நீரினுள் காற்று கரைந்திருத்தல் வேண்டும் என்பதை அவ்விருவரின் உழைப்பு காட்டிற்று. மறு ஆண்டு இளவேனிலில் அம்மையார் கடற்பாசி படர்ந்த கற்களை வரவழைத்து நீரிலிட்டார். தாவரம் ஒட்சிசனை வழங்க, விலங்குகள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் அச்சாடியில் வாழ்ந்ததோடு பெருகவும் செய்தன. இதே காலத்தில் இறொபேட் வாறிங்டன் என்னும் இரசாயனவியலார் நன்னீர்த் தொட்டியில் மீனும் தாவரமும் ஒன்றையொன்று தாங்குமென 1850இற் காட்டினார். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீனில்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய ‘அக்குவேரியம்’ என்னும் நூல் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் ஆசையை மூட்டியது.

அவ்வாசையின் பயன் யாதாயிற்று? தொட்டிகளை நிரப்புதற்காக மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று கரையோரப் பாறைக் குழிகளைச் சூறையாடினர். தலைமுறை தலைமுறையாக அழகு குன்றாதிருந்த அக்குழிகள் வெறுமையுற்றதையும், தம் நூலே அதற்கு வழிகாட்டியாயிற்றே எனத் தந்தையார் வருந்தியதையும் கொஸ்ஸின் மகனார் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தம் நினைவுநூலிற் குறித்துள்ளார். இக்கலை பிறந்த அன்றே அதன் பழியும் உடன் பிறந்தது என்பது நோக்கற்பாலது.

விலங்கினுள் தாவரம்

தைன் அம்மையார் வளர்த்தவை குளிர்கடலுக்குரிய தனிப்பவளங்கள். வெப்பவலயக் கடலிற் பார் அமைக்கும் முருகைக்கற்களோ அவர் முறையால் வாழமாட்டா. அதன் காரணத்தை அறிய மேலும் நூறாண்டு சென்றது.

1881இல் செருமானிய அறிஞர் காள் பிராண்ட், கடல்விலங்குகள் சிலவற்றின் உடலினுள் காணப்படும் பொன்னிறத் துணிக்கைகள் தனி உயிரிகளான அல்காக்களே எனக் காட்டி, அவற்றுக்குச் ‘சூசாந்தெல்லா’ எனப் பெயரிட்டார். அவை முருகைக்கல்லுக்குச் செய்யும் தொண்டு யாது? 1928-29இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடைப் பாருக்குச் சென்ற ஆய்வுக்குழுவின் தலைவர் மொறிஸ் யங், முருகைக்கல் ஊனுண்ணும் விலங்கே என்றும், அல்காக்கள் அதன் கழிவை அகற்றும் அளவே பயன்படுவன என்றும் கருதினார். பலாவுத் தீவுகளில் ஆராய்ந்த யப்பானிய அறிஞர் சீரோ கவகுத்தி 1944இல் அவ்வல்காக்கள் எவ்வகுப்பைச் சார்ந்தவை எனத் தெளிவுபடுத்தினார். 1950களின் இறுதியில் யமேக்காவில் தோமஸ் கோறோ கதிர்வீச்சுடைய கல்சியத்தைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகள், ஒளியிலே முருகைக்கல் விரைந்து சுண்ணக்கூடு கட்டுவதையும் இருளில் அவ்வேகம் குன்றுவதையும் நிறுவின. அல்கா ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவிற் பெரும்பகுதி விலங்கின் உடலுக்கே செல்கின்றது என்பதும் பின்னர் உறுதியாயிற்று.

விலங்கெனப் பெய்சொனெல் நிறுவிய பொருளினுள் ஒரு தாவரம் குடியிருந்தது! மார்சிலி கண்ட செம்பவளத்தில் இவ்வல்கா இல்லை. ஆயினும் பார் அமைக்கும் முருகைக்கல்லைப் பொறுத்தமட்டில் விலங்கு, தாவரம், கல் ஆகிய மூன்றும் ஒன்றிய வாழ்வில் இணைந்துள்ளன. எனவே வளர்ப்பவன் விலங்குக்கு நீரோட்டமும், தாவரத்துக்கு ஒளியும், கல்லுக்குச் சுண்ணமும் ஒருங்கே அளித்தல் வேண்டும். மூன்றில் ஒன்று தவறினும் மற்றிரண்டும் பயனற்றனவாகும்.

யகார்த்தாவும் பேர்லினும்

கடலின் அண்மையில் உள்ளோர்க்கு இது ஓரளவு எளிதாயிற்று. நியூ கலிடோனியாவின் நூமேயா நகரில் 1956இல் இறெனே கதலா திறந்த காட்சியகத்திலே கடல்நீர் இடையறாது பாய, முருகைக்கற்கள் செழித்தன. 1961இல் யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் தம் ‘இயற்கை முறை’யை வெளியிட்டார். நுண்ணுயிர்கள் செறிந்த ‘உயிர்ப்பாறை’, சூரிய ஒளி, மெல்லிய காற்றுக்குமிழி ஆகிய இவையே அவர் கருவிகள். அப்பாறையின் மேற்புறத்தில் வாழும் பற்றீரியாக்கள் மீன்களின் நச்சுக்கழிவை நைத்திரேற்றாக்கும். ஒட்சிசன் குன்றிய உட்புறத்தில் வாழ்வன அந்நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். பாறையே வடிகட்டியாகச் செயற்பட்டது.

சூரியன் மங்கிய வட ஐரோப்பாவில், கடலினின்றும் நெடுந்தொலைவிலுள்ள நகரொன்றில் இதனைச் செய்துகாட்டியவர்கள் பேர்லின் நகரத்து ஆர்வலர். உயிர்ப்பாறையோடு மூன்றினை அவர்கள் சேர்த்தனர். முதலாவது, நுண்ணிய காற்றுக்குமிழிகளில் ஒட்டும் கரிமக் கழிவை நுரையாக்கி அகற்றும் நுரைவடிப்பான். இரண்டாவது, வெயிலை நிகர்க்கும் உலோக ஏலைட்டு விளக்கு. மூன்றாவது, 1970களிற் பீற்றர் வில்கின்ஸ் பரிந்துரைத்த சுண்ணாம்பு நீர். இம்முறையைக் கையாண்ட டீற்றிச் ஸ்ரூபர் என்பாரின் தொட்டியில் 1980களில் ஓர் அக்குரோப்போரா தழைத்து வளர்ந்தது. அதன் கிளைகளை ஒடித்து அவர் நண்பர்க்கு வழங்க, அவர்கள் தம் நண்பர்க்கு வழங்க, அவ்வொரு முருகைக்கல்லின் துண்டுகள் ஐரோப்பாவெங்கும் பரவின. புயலில் முறிந்த கிளைகள் கடலடியில் வேரூன்றுதல் போல ஊன்றி, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. டெல்பீக், ஸ்பிறங் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை ஆங்கிலம் அறிந்தோர்க்கும் எட்டியது.

சுண்ணாம்பின் கணக்கு

வில்கின்ஸ் கூறிய சுண்ணாம்பு நீரின் இன்றியமையாமையை ஒரு கணக்கால் விளக்கலாம். இயற்கைக் கடல்நீரில் இலீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியம் உண்டு. 400 இலீற்றர் கொள்ளும் தொட்டியில் முருகைக்கற்கள் நன்கு வளருங்கால், நாளொன்றுக்கு இலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் கல்சியம் குறையுமாயின், குறைந்த மொத்தக் கல்சியம் நான்கு கிராம். அது பத்துக் கிராம் கல்சியம் காபனேற்றாகக் கூட்டிற் படிந்திருக்கும். ஓராண்டில் அது மூன்றரைக் கிலோவுக்கும் அதிகமாகும். கடலில் இக்குறை தோன்றாது, கடல் பெரிது. தொட்டியிலோ எதுவும் சேர்க்காதிருப்பின் சில வாரங்களில் வளர்ச்சி நின்றுவிடும். முன்னாளிற் பலர் தொட்டிகளில் முருகைக்கல் காரணம் தெரியாமல் மடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

நிரம்பிய சுண்ணாம்பு நீர் ஏறத்தாழ நாலரை இலீற்றர் அந்நாளைய குறையை ஈடுசெய்யும். தொட்டியில் ஆவியாகும் நீருக்குப் பதிலாக அதனைத் துளித்துளியாக இரவிற் சொட்டவிடுவர். விரைந்து ஊற்றினால் நீரின் காரத்தன்மை மிகுந்து சுண்ணம் வெண்பனி போல வீழ்படிவாகி, நலம் செய்யவேண்டியதே தீங்கு செய்யும். காபன் ஈரொட்சைட்டுக் கலந்த நீரால் இறந்த முருகைக்கற் சரளையைக் கரைத்து, உயிருள்ள முருகைக்கல்லுக்கு ஊட்டும் கருவியும் இன்று வழக்கில் உண்டு.

முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய மரபில் வந்த நமக்கு இச்செய்தி சிந்தனைக்குரியது. சூளையில் எரித்துப் பெற்ற அதே பொருள், நீரிற் கரைந்து, அளவறிந்த கையினால் ஊட்டப்படும்போது மீண்டும் முருகைக்கல்லாகின்றது.

கடனும் கைம்மாறும்

இனி, கொஸ்ஸை வருத்திய பழிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தொட்டிகளுக்காக வெட்டியெடுக்கப்பட்ட முருகைக்கற்கள் பல. நாடுகளுக்கிடையேயான அவற்றின் வணிகம் அருகும் உயிரினங்கள் பற்றிய உடன்படிக்கையின்கீழ் 1985இல் ஒருசில இனங்களுக்கும், 1990இற் கற்பவள வரிசை முழுவதற்கும் கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு வீட்டிற் காட்சிப் பொருளாவதற்காகப் பாரில் ஒரு கிளை குறைதல் அறமாகுமா என்னும் வினாவை எவரும் தட்டிக்கழித்தல் இயலாது. ஸ்ரூபரின் வழியே அதற்குரிய முதல் விடை: வளர்த்ததைப் பகிர்க; கடலினின்றும் மீண்டும் எடாதிருக்க.

இரண்டாவது விடை காலத்தால் வந்தது. கோடைக்குரிய உச்ச வெப்பத்துக்குமேல் ஒரு பாகை செல்சியசு உயர்ந்து சில வாரங்கள் நீடிப்பின், முருகைக்கல் தன்னுள் வாழும் அல்காவை வெளியேற்றி வெளிறும். 1998இல் இவ்வாறு நேர்ந்தபோது நம் நாட்டின் இக்கடுவைப் பாரும் பேரழிவுற்றது. 2024 ஏப்பிரலில், உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்வதாக அறிவிக்கப்பட்டது.

இந்நிலையில், பொழுதுபோக்காகப் பிறந்த கலை காவற்பணியாக மாறத் தொடங்கியது. புளோரிடாவில் உயிர்ப்பாறை வளர்த்து விற்றுவந்த கென் நெடிமையர், தம் பாறைகளிலே தாமாக முளைத்த மான்கொம்புப் பவளங்களைத் துண்டாக்கிப் பெருக்கி, பாழடைந்த பாரில் நடும் பணிக்கென 2007இல் ஓர் அமைப்பை நிறுவினார். 2023ஆம் ஆண்டுக் கோடையில் அக்கடல் கொதித்தபோது, கடலடி நாற்றுமேடைகளிலிருந்து ஆயிரக்கணக்கான துண்டுகள் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றப்பட்டன. கடலினின்றும் தொட்டிக்கு எடுத்தலே அன்று அவற்றைக் காக்கும் வழியாயிற்று.

ஆயினும் இதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஒரு தாய்க்கிளையினின்றும் ஒடித்த ஆயிரம் துண்டுகளும் மரபியல்பால் ஒன்றே. ஒரு நோயோ வெப்பமோ ஒன்றைக் கொல்லுமாயின் அனைத்தையும் கொல்லக்கூடும். வேறுபட்ட சந்ததி தோன்ற முட்டையும் விந்தும் கலத்தல் வேண்டும். பெருந்தடைப் பாரின் முருகைக்கற்கள் நிறைமதிக்குப் பின்வரும் சில இரவுகளில் ஒருங்கே சினையிடுவதை 1984இல் அறிஞர் உலகுக்கு அறிவித்தனர். இலண்டனின் ஹோர்ணிமன் நூதனசாலையில் யேமி கிறாக்ஸ் என்பாரும் குழுவினரும் கடலின் பருவ வெப்பத்தையும், ஞாயிற்றின் தோற்ற மறைவையும், திங்களின் வளர்தேய்வையும் தொட்டியின்மேல் விளக்குகளால் அமைத்து, 2013இல் முருகைக்கற்களைத் திட்டமிட்டபடி சினையிடச் செய்தனர். 2019இல் புளோரிடாவிலும் அருகிவந்த தூண்பவளம் ஆய்வகத் தொட்டியில் இவ்வாறு சினையிட்டது. நீரினுள் மறைந்து நின்றவற்றுள் இறுதியாக உணரப்பட்டது காலம்.

தைன் அம்மையார் திறந்த சாளரத்தருகே நீர் ஊற்றுவித்த அதே நகரில், ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின், செயற்கைத் திங்களின் ஒளியில் முருகைக்கல் சினையிட்டது. இவற்றை இயற்றியோருட் பலர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். இல்லத்தலைவி, பணிப்பெண், பாறை வளர்ப்பவர், மாலையில் வீடு திரும்பித் தொட்டியருகே அமர்ந்த ஆர்வலர் எனப் பலர் கைகளாற் கட்டப்பட்டது இக்கலை. அவர்கள் ஒவ்வொருவரும் நாள்தோறும் அளந்தனர், கண்டதைக் குறித்துவைத்தனர், அறிந்ததைப் பிறர்க்கு வழங்கினர்.

தொட்டி கடலாகாது. கடல் வெப்பமுறுதலைத் தடுக்காமல் தொட்டிகளை மட்டும் பெருக்குதல், வீடு எரியும்போது நாற்றுக்களை மட்டும் எடுத்துக் காத்தல் போலாகும். நாற்றுக்களைக் காத்தல் நன்றே, ஆயின் அவற்றை நடுதற்கு நிலம் வேண்டும். நம் மாணவர் இக்கடுவைக்கோ புறாத்தீவுக்கோ சென்று தெளிந்த நீரினூடே முருகைக்கல்லை நோக்கும்போது, அந்நீர் வெறுமையானதன்று என்பதை நினைவிற் கொள்வாராக. ஒரு கிளையையும் ஒடியாது மீள்வாராக.